கொடையும் கோலும்: ஜவுளி வணிகம் குறித்த நம் எழுத்துகள் மீது ஒரு பார்வை

ஆடையைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொற்களுள் சில வெட்டுதலிலிருந்து பிறந்தவை. அறுக்கப்படுவது அறுவை, துணிக்கப்படுவது துணி, துண்டு என்பதும் அவ்வினத்ததே. இன்று அறுவை என்றால் மருத்துவமனைதான் நினைவுக்கு வரும். சங்க காலத்தில் அது ஆடையின் பெயர். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்று தொழிலோடு சேர்த்தே அழைக்கப்பட்ட புலவர் ஒருவரின் பாடல்கள் தொகை நூல்களில் இடம்பெற்றுள்ளன. சிலப்பதிகாரம் காட்டும் மதுரையிலும் அறுவை வீதி உண்டு.

ஒரு பொருளுக்கு அதன் நிறத்தையோ மென்மையையோ கொண்டு பெயரிடாமல், அது அறுபடும் கணத்தைக் கொண்டு பெயரிட்டது நம் மொழி. அந்தப் பெயரில் ஓர் உண்மை பொதிந்திருக்கிறது. அளந்த நெல்லை மீண்டும் குதிரில் கொட்டிவிடலாம். நிறுத்த பொன்னை மீண்டும் பெட்டியில் வைத்துவிடலாம். அறுத்த துணியை மீண்டும் முழுத் துணியாக்க எவராலும் இயலாது. அந்தக் கணத்தில் அளவுகோல் விற்பவரின் கையில் இருக்கிறது. கஞ்சியின் கனமும், சாயத்தின் உறுதியும், இழையின் நெருக்கமும் அவருக்கே முழுமையாகத் தெரியும். வாங்குபவர் காண்பது விரித்துக் காட்டப்பட்ட மேற்பரப்பை மட்டுமே. ஆகவே ஜவுளி வணிகத்தின் அறச்சிக்கல்களில் பெரும்பாலானவை கத்தரிக்கோல் துணியைத் தொடும் அந்த நொடியில் வந்து குவிகின்றன.

இந்த நொடியை நமது சட்டநூல்கள் கூர்ந்து நோக்கின. நமது வரலாற்று எழுத்தோ அதைக் கண்டும் காணாமல் கடந்துவிட்டது. தமிழ் முஸ்லிம்களின் துணி வணிகத்தைப் பற்றி எழுதப்புகுவோர் கப்பல்களைப் பாடுகின்றனர், வள்ளல்களைப் பாடுகின்றனர். அளந்த கோலைப் பற்றியும், நெய்த கையைப் பற்றியும் அவர்கள் பெரும்பாலும் பேசுவதில்லை. கொடை பாடப்பட்டது, கோல் பாடப்படவில்லை என்று இதைச் சுருக்கிச் சொல்லலாம். இந்தக் குறையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சட்டநூல்களில் துணி

இஸ்லாமிய மரபில் துணி வணிகம் மிகக் கண்ணியமான இடத்தைப் பெற்றது. முதல் கலீஃபா அபூபக்ர் (ரலி) துணி வணிகர். ஆட்சிப் பொறுப்பை ஏற்ற பின்னரும் அவர்கள் தோளில் துணிகளைச் சுமந்துகொண்டு சந்தைக்குப் புறப்பட்டதும், வழியில் உமர் (ரலி) தடுத்ததும், அதன் பின்பே பைத்துல் மாலிலிருந்து அவர்களுக்கு ஊதியம் வகுக்கப்பட்டதும் வரலாற்றில் புகழ்பெற்ற செய்திகள். உஸ்மான் (ரலி) அவர்களும் துணி வணிகம் செய்தவர்களே. கூஃபாவில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) பட்டு கலந்த உயர்வகைத் துணியை விற்று வாழ்ந்தார்கள். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் பக்தாது மாணவர்களுள் ஒருவர் அல்கராபீஸி என்றே அறியப்பட்டார். பருத்தித் துணி விற்பவர் என்பது அதன் பொருள். சட்டத்தை எழுதியவர்களும் துணியை அளந்தவர்களும் பல நேரங்களில் ஒருவராகவே இருந்தனர். அதனால்தான் வணிகச் சட்டத்தின் நுட்பங்களை விளக்க ஃபிக்ஹு நூல்கள் அடிக்கடி துணியையே எடுத்துக்காட்டாகக் கொள்கின்றன.

முராபஹா எனப்படும் அடக்கவிலை வணிகத்தை நோக்குக. விற்பவர் தம் அடக்கத்தை வெளிப்படையாகச் சொல்லி, அதன்மேல் இவ்வளவு ஆதாயம் என்று வாங்குபவரின் ஒப்புதலோடு விற்பது இது. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தா இதைப் பேசும்போது, ஓர் ஊரில் துணி வாங்கி வேறோர் ஊருக்குக் கொண்டுசென்று விற்பவரையே உதாரணமாக நிறுத்துகிறது. தரகர் கூலி, மடிப்புக் கூலி, தங்குமிட வாடகை ஆகியவற்றை அவர் அடக்கத்தில் சேர்க்கலாகாது. ஏற்றுக்கூலியை அடக்கத்தில் சேர்க்கலாம். ஆனால் அதன்மேல் ஆதாயம் கணக்கிடலாகாது. வெளுப்பு, சாயம், தையல் ஆகியவை துணியின் மதிப்பையே கூட்டுவதால் அவற்றுக்கு ஆதாயமும் உண்டு. எந்தச் செலவு பொருளோடு கலந்தது, எது வணிகரின் வசதிக்காக ஆனது என்று இழை இழையாகப் பிரிக்கும் கணக்கு இது.

ஹனஃபீ மரபின் ஹிதாயா இன்னும் ஒரு படி நுணுகிச் செல்கிறது. வெளுப்பவர், சாயமிடுபவர் ஆகியோரின் கூலியையும் சுமைகூலியையும் அடக்கத்தில் சேர்த்த வணிகர், இன்ன விலைக்கு வாங்கினேன் என்று சொல்லக் கூடாது. இன்ன விலை அடக்கமாயிற்று என்றே சொல்ல வேண்டும். இரண்டு கூற்றுக்கும் தொகை ஒன்றுதான். ஆயினும் முன்னது பொய், பின்னது மெய். ஒரு வினைச்சொல்லின் மாற்றத்தில் பொய்மை நுழைந்துவிடக் கூடாது என்று கருதிய சட்ட அறிவை இங்கே காண்கிறோம்.

அறுபடும் கணத்துக்கும் அந்நூல் தீர்ப்பு வைத்திருக்கிறது. துணியை வாங்கி வெட்டிய பிறகு அதில் பழைய குறை ஒன்று தெரியவந்தால் வாங்கியவர் என்ன செய்யலாம்? வெட்டியதால் அது முன்னிருந்த நிலையில் இல்லை. ஆகவே விற்றவர்மீது அதைத் திணிக்க இயலாது. ஆனால் குறைக்கு ஈடான விலையைத் திரும்பப் பெறும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. வெட்டிய நிலையிலேயே ஏற்றுக்கொள்கிறேன் என்று விற்றவர் சொன்னால் அதுவும் செல்லும். ஆக, கத்தரி பட்டதும் விற்றவரின் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. இன்று நம் கடைகள் பலவற்றின் சுவரிலும் ரசீதின் அடியிலும், விற்ற பொருளைத் திரும்பப் பெறுவதில்லை என்ற அறிவிப்பைக் காண்கிறோம். அந்த அறிவிப்பை எழுதுவோருள் நம்மவரும் உளர். குறையுள்ள பொருளுக்கும் அந்த ஒற்றை வரி பொருந்தும் என்று அவர்கள் கருதினால், தாங்கள் ஓதிய மரபுக்கு எதிராகவே அதை எழுதியிருக்கின்றனர்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் இஹ்யாவில் சொல்லும் பஸரா வணிகர் யூனுஸ் இப்னு உபைத் (ரஹ்) அவர்களின் நிகழ்ச்சி பலரும் அறிந்ததே. அவருடைய கடையில் நானூறு திர்ஹம் விலையுள்ள ஆடைகளும் இருநூறு விலையுள்ளவையும் இருந்தன. அவர் தொழுகைக்குச் சென்றிருந்த வேளையில், கடையிலிருந்த சகோதரர் மகன் இருநூறு மதிப்புள்ள ஒன்றை ஒரு கிராமத்து அரபிக்கு நானூறுக்கு விற்றுவிட்டார். வழியில் அந்த ஆடையைக் கண்ட யூனுஸ், வாங்கியவரைத் திரும்ப அழைத்துவந்து இருநூறைக் கொடுத்தார். தம் ஊரில் இது ஐந்நூறு பெறும், தமக்கு மனநிறைவே என்று அவர் சொல்லியும் கேட்கவில்லை. இங்கே ஏமாற்றப்பட்டதாக எவரும் முறையிடவில்லை. வாங்குபவரின் மனநிறைவை வணிகரின் நேர்மைக்குச் சான்றாகக் கொள்ளலாகாது என்பதே இதன் படிப்பினை.

சோழமண்டலக் கரையின் கணக்கு

இந்த மரபைச் சுமந்தவர்கள் உலகின் மிகப் பெரிய துணிச் சந்தைகளுள் ஒன்றின் கரையில் வாழ்ந்தார்கள். காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர், நாகப்பட்டினம், பரங்கிப்பேட்டை என்று நீண்ட துறைமுகங்களிலிருந்து மரக்காயர்களின் கப்பல்கள் அச்சே, கடாரம், மலாக்கா, பினாங்கு வரை பருத்தித் துணியைக் கொண்டுசென்றன. மலேசியாவில் பள்ளிவாசலுக்குச் செல்வோர் இன்றும் இடுப்பில் கட்டும் கட்டம்போட்ட கைலிக்கு ‘காயின் பெலிகாட்’ என்று பெயர். பெலிகாட் என்பது சென்னைக்கு வடக்கேயுள்ள பழவேற்காடுதான்! டச்சுக்காரர் 1613-இல் அங்கே கட்டிய கெல்டிரியா கோட்டை இடிந்துபோயிற்று. ஊரின் பெயர் மட்டும் கடல் கடந்து ஆடையில் நிலைத்துவிட்டது.

சென்னை நகரமே துணிக்காகப் பிறந்தது. 1639-இல் பிரான்சிஸ் டே இந்த மணற்கரையைத் தேர்ந்ததற்கு அவர் காட்டிய முதன்மையான காரணம், இங்கே நல்ல துணி மற்ற இடங்களைவிட ஐந்தில் ஒரு பங்கு மலிவாகக் கிடைக்கும் என்பது. நகரின் பேட்டைகள் அந்த வணிகத்தின் படிகளை இன்றும் சொல்கின்றன. துணியை வெளுத்தவர்கள் வாழ்ந்தது வண்ணாரப்பேட்டை. 1730-களில் ஆளுநர் மார்ட்டன் பிட் காலத்தில் நெசவாளர்களைக் குடியேற்ற அமைந்தது சிந்தாதிரிப்பேட்டை. கம்பெனிக்குத் துணி திரட்டிக் கொடுத்த பெருவணிகருள் ஒருவர் காசி வீரண்ணா. 1680-இல் மறைந்த அவர் கோல்கொண்டா அதிகாரிகளோடு கொண்ட நெருக்கத்தால் ஹஸன் கான் என்றும் அழைக்கப்பட்டார் என்றும், நகரில் ஒரு பள்ளிவாசலைக் கட்டுவித்தார் என்றும் சென்னை வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். சமய எல்லைகளைத் தாண்டிப் பாவும் ஊடையுமாய்ப் பின்னிய வணிகம் அது.

அந்த வணிகம் முன்பணத்தின் மேல் நின்றது. கம்பெனி வணிகருக்கும், வணிகர் தரகருக்கும், தரகர் நெசவாளருக்கும் பணம் கொடுத்தனர். நெய்த துணி கிடங்குக்கு வந்ததும் மாதிரித் துணியோடு ஒப்பிட்டுத் தரம் பிரிக்கப்பட்டது. ஒவ்வாதவை கழிக்கப்பட்டன அல்லது விலை குறைக்கப்பட்டன. அளவுகோல் ஒவ்வொரு படியிலும் கை மாறியது. அந்தக் கோல் எப்போதும் வலியவர் கையிலேயே இருந்தது என்று முடிவுகட்டிவிட முடியாது என்பதே இங்கு வியப்பு. வரலாற்றறிஞர் பிரசன்னன் பார்த்தசாரதி தென்னிந்திய நெசவாளர் குறித்து 2001-இல் வெளியிட்ட நூலில் காட்டுவதுபோல், பெற்ற முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகும் உரிமை நெசவாளருக்கு இருந்தது. கொடுத்த வணிகரோ நினைத்தபோது அதைத் திரும்பக் கேட்க இயலாது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஆட்சி அதிகாரம் கம்பெனியின் கைக்கு வந்தபோதுதான் அந்த உரிமை நசுக்கப்பட்டது. ஏவலரை நிறுத்தி, பிறருக்கு நெய்வதைத் தடுத்து, கடனைக் கட்டாயமாக்கியது கம்பெனி.

ஃபிக்ஹு கூறும் ஸலம் என்ற முன்பண வணிகத்தோடு இந்த வழக்கத்தை ஒப்பிடுவது பயன் தரும். ஸலத்தில் விலை முழுவதும் முன்னதாகவே கொடுக்கப்பட வேண்டும். பொருளின் இனம், தரம், அளவு, தவணை ஆகியவை ஐயத்துக்கு இடமின்றி வரையறுக்கப்பட வேண்டும். உழைப்பவரின் வறுமையைப் பயன்படுத்தி விலையைப் பிறகு குறைக்கும் வாய்ப்பை அது அடைக்கிறது. சோழமண்டலத்தின் முன்பண முறை ஸலத்தின் இந்த நெறிகளுக்கு எந்த அளவு நெருங்கியிருந்தது? மரக்காயர் பெருவணிகர் தம் நெசவாளரோடு எப்படிக் கணக்குத் தீர்த்தனர்? வணிகப் பரம்பரையையும் மார்க்கக் கல்வியையும் ஒருசேரப் பெருமையாகப் பேசும் சமுதாயம் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் இவை.

புகழ்ச்சியின் எல்லை

கேட்டோமா? நம் இலக்கியத்திலிருந்தே தொடங்குவோம். கீழக்கரை பெரியதம்பி மரக்காயர் என்ற ஷெய்கு அப்துல் காதிர், நாட்டுமக்கள் நாவில் சீதக்காதி ஆனார். கிழவன் சேதுபதியின் நம்பிக்கைக்குரியவராகவும், கடல் வணிகத்தில் பெரும்புள்ளியாகவும் விளங்கியவர். உமறுப்புலவர் சீறாப்புராணம் பாட முதலில் துணைநின்றவர் அவரே. பின்னர் பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரக்காயர் அப்பணியைத் தொடர உதவினார். இரு புரவலரும் துறைமுக வணிகர்கள். தமிழின் தலைசிறந்த இஸ்லாமியக் காப்பியம் வணிகச் செல்வத்தால் விளைந்தது என்று சொல்வதில் தவறில்லை.

அந்தக் காப்பியத்திலேயே ஒரு வணிகப் பயணம் உண்டு. கதீஜா நாயகியாரின் சரக்குகளோடு நபிகள் நாயகம் (ஸல்) ஷாம் நாட்டுக்குச் சென்ற பயணம் விலாதத்துக் காண்டத்தில் விரிவாகப் பாடப்படுகிறது. பாந்தள் வதைக்கப்பட்டதும், நதி கடந்ததும், புலி பேசியதும், பாலையில் நீர் அழைத்ததும் தனித்தனிப் படலங்களாக விரிகின்றன. சந்தையின் கொள்வனை கொடுப்பனையைவிட வழியின் அற்புதங்களிலேயே காப்பியத்தின் மனம் தோய்கிறது. இதைக் காப்பியத்தின் குற்றமாக நாம் சொல்லவில்லை. காப்பிய இலக்கணம் வேண்டுவது அதுவே. உமறுவின் பக்தி வேண்டியதும் அதுவே. ஆனால் அல்-அமீன் என்ற பெயரை மக்காவின் வணிகச் சமூகம் எதற்காக வழங்கியது என்பதை விளக்கும் பணி உரைநடைக்கு மிச்சமிருந்தது. உரைநடை அதைச் செய்யவில்லை.

நம் ஊர் வரலாறுகள், பள்ளிவாசல் திறப்புவிழா மலர்கள், கல்வி நிறுவனங்களின் நூற்றாண்டு மலர்கள் ஆகியவற்றைத் தொடர்ந்து படித்துவருவோர் ஒரு பொதுவான அமைப்பைக் காண்பர். முதலில் அரபு நாட்டோடு தொடர்பு, அடுத்து கப்பல்கள், அடுத்து சிங்கப்பூரிலோ கொழும்பிலோ ஜவுளிக்கடை, இறுதியில் வக்ஃபும் மத்ரஸாவும். வணிகம் என்பது கொடைக்கு முந்தைய ஒரு பத்தி மட்டுமே. எந்தத் துணியை, எவரிடம், எந்த விலைக்கு வாங்கினார்கள்? கடனை எவ்வாறு வசூலித்தார்கள்? கடையில் வேலைபார்த்த சிறுவர்கள் எங்கே உறங்கினார்கள்? இவற்றுக்கு அங்கே இடமில்லை. செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்ற பழமொழியை மேற்கோள் காட்டாத மலர் அரிது. சீதக்காதி எப்படி வாங்கினார், எப்படி விற்றார் என்று கேட்கும் மலர் அதனினும் அரிது!

ஆய்வுலகம் இந்த வெற்றிடத்தை ஓரளவு நிரப்பியிருக்கிறது. இலங்கைத் தமிழரான சின்னப்பா அரசரத்தினம் 1986-இல் சோழமண்டலக் கரையின் வணிகர்களையும் கம்பெனிகளையும் குறித்து எழுதிய நூலும், 2004-இல் சென்னை அரசு அருங்காட்சியகம் வெளியிட்ட ஜெ. ராஜாமுகமதுவின் சோழமண்டல முஸ்லிம்களின் கடல்சார் வரலாறும் நமக்கு அடித்தளம் அமைத்தவை. இருநூல்களும் ஆங்கிலத்தில் உள்ளன. அவற்றின் தரவுகள் நம் மலர்களுக்கு வந்து சேரும்போது கப்பல்களின் எண்ணிக்கை மட்டுமே வருகிறது. முன்பணமும் கடனும் நெசவாளரும் வழியில் இறக்கிவிடப்படுகின்றனர்.

நெய்தவர்களும் நம்மவரே

இந்த இறக்கிவிடுதல் நமக்கு இன்னொரு வகையிலும் இழப்பு. தமிழ் முஸ்லிம் என்றாலே வணிகர் என்ற சித்திரம் பொதுவெளியில் படிந்துவிட்டது. நாமும் அதைக் களிப்போடு ஏற்றுக்கொண்டோம். கடையநல்லூரிலும் மேலப்பாளையத்திலும் தறியில் அமர்ந்திருந்தவர்கள் யார்? தலைமுறை தலைமுறையாக நெசவே தொழிலாகக் கொண்ட முஸ்லிம்கள். ஆலைத் துணியும் சந்தைச் சரிவும் தறியை நிறுத்தியபோது கடையநல்லூர் மக்கள் பலர் குடும்பத்தோடு மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்றனர். தஞ்சோங் பகார் துறைமுகப் பகுதியில் கூடி வாழ்ந்தனர். 1941-இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக்கை அமைத்தனர். 1946-இல் அவர்கள் ஒரு தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியபோது அதற்கு உமறுப்புலவர் பெயரைச் சூட்டினர்.

இதன் பொருளைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். துறைமுகப் பெருவணிகரின் ஆதரவில் பாடிய புலவரின் பெயரை, நெசவுத்தொழில் நலிந்து கடல் கடந்தவர்கள் தம் பிள்ளைகளின் பள்ளிக்கு வைத்தார்கள். அவர்களுள் பெருஞ்செல்வர் அரிது. சிறுகச் சேர்த்த உழைப்பின் பணத்தில் எழுந்தது அப்பள்ளி. அதுவும் கொடைதான். ஆனால் நம் வள்ளல் வரலாறுகளில் அது சீதக்காதிக்கு இணையாக வைத்துப் பேசப்படுவதில்லை.

பொதுத் தமிழிலக்கியத்திலும் நெசவாளருக்கு 1953-இல் தொ.மு.சி. ரகுநாதனின் ‘பஞ்சும் பசியும்’ நாவல் கிடைத்தது. துணிக்கடையின் உட்புறத்தை வெகுமக்கள் பார்க்க 2010-இல் வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ திரைப்படம் வர வேண்டியிருந்தது. தென்மாவட்டங்களிலிருந்து அழைத்துவரப்பட்ட இளையோர் தியாகராய நகர்க் கடையொன்றில் நின்றபடியே நாளைக் கழிப்பதை அது காட்டியது. உணர்ச்சிக் கொந்தளிப்பில் அப்படம் சில இடங்களில் மிகைப்பட்டது என்று குறை சொல்வோர் உண்டு. ஆனால் வாடிக்கையாளராக நாம் ஆயிரம் முறை நுழைந்த கடையில் நாம் பார்க்கத் தவறியதை அது பார்த்தது. கேரளம் 2018-இலும் தமிழகம் 2021-இலும் கடைகளில் பணியாற்றுவோருக்கு இருக்கை வழங்குவதைச் சட்டமாக்கின. கேரளத்தில் அதற்காகப் போராடியவர்கள் கோழிக்கோட்டு ஜவுளிக்கடைப் பெண்கள். உட்காரும் உரிமைக்கு ஒரு சட்டம் தேவைப்பட்டது என்பதே வெட்கத்துக்குரியது. கூலியாளின் வியர்வை உலருமுன் ஊதியம் கொடுக்கச் சொன்ன மார்க்கத்தார் அந்தப் போராட்டத்தில் முதல் குரலாக இருந்திருக்க வேண்டாமா?

புறநகரில் இன்று

ஜவுளி வணிகத்தின் அறத்தைப் பேசப் பெருங்கடைகளுக்கே போக வேண்டியதில்லை. இக்கட்டுரை எழுதப்படும் கோவிலம்பாக்கம், ஏரியும் வயலும் சூழ்ந்த சிற்றூராக இருந்து, துரைப்பாக்கத்தின் கணினி நிறுவனங்களாலும் பல்லாவரத்தை அதனோடு இணைக்கும் ஆரச்சாலையாலும் அடுக்குமாடிப் புறநகரானது. தியாகராய நகருக்கும் தாம்பரத்துக்கும் போய்த் துணி எடுப்போர் இங்கு மிகுதி. ஆயினும் பழைய வடிவங்கள் மறையவில்லை. பல்லாவரத்தின் வெள்ளிக்கிழமைச் சந்தையில் தரையில் விரித்த துணிகளைக் குனிந்து பொறுக்குவோர் உண்டு. வீட்டு வாசலில் மூட்டையை இறக்கித் தவணைக்குச் சேலை கொடுப்போர் உண்டு. வீட்டிலிருந்தபடியே கைப்பேசியில் படம் அனுப்பிச் சேலை, சுடிதார், அபாயா விற்கும் பெண்கள் பெருகிவருகின்றனர். அவர்களுள் முஸ்லிம் பெண்களும் உண்டு.

இந்தச் சிறுவணிகத்தில் பழைய ஃபிக்ஹுக் கேள்விகள் அனைத்தும் புத்துயிர் பெறுகின்றன. படத்தில் தெரியும் நிறம் துணியின் நிறமா? பருத்தி என்று சொல்லப்படுவதில் பாலியெஸ்டர் எவ்வளவு? தவணை விலைக்கும் ரொக்க விலைக்கும் உள்ள வேறுபாடு முன்னரே சொல்லப்பட்டதா, தவணை தவறியபின் சேர்க்கப்பட்டதா? கணவரை இழந்து, மூலதனம் ஏதுமின்றி இந்த வணிகத்தில் இறங்கும் ஒரு பெண்ணுக்குச் சீதக்காதியின் புகழைவிட, அடக்கத்தில் எதைச் சேர்க்கலாம், எதைச் சேர்க்கலாகாது என்ற முவத்தாவின் கணக்கு உடனடியாகப் பயன்படும். அந்தக் கணக்கை எளிய தமிழில் அவர் கையில் சேர்க்காமல், வணிகப் பரம்பரை என்று மேடையில் முழங்குவதால் என்ன பயன்?

குறையைச் சொல்லி விற்பது நட்டம் தரும் என்று அஞ்சுவோருக்குச் சென்னையின் பெயரைத் தாங்கிய துணியே ஒரு விடை வைத்திருக்கிறது. 1958-இல் அமெரிக்க இறக்குமதியாளர் ஒருவர் இங்கிருந்து கட்டம்போட்ட கைத்தறித் துணியைப் பெருமளவில் வாங்கினார். இதன் சாயம் கசியும், குளிர்ந்த நீரில் மென்மையாகவே துவைக்க வேண்டும் என்று விற்ற சென்னை வணிகர் எச்சரித்தார். வாங்கியவர் அந்த எச்சரிக்கையை, தாம் விற்ற புகழ்பெற்ற ஆடை நிறுவனத்துக்குத் தெரிவிக்கவில்லை. சட்டைகள் துவைத்ததும் நிறம் கலந்தன, புகார்கள் குவிந்தன, வழக்கு வரை பேச்சு எழுந்தது. பின்னர் விளம்பரக்காரர்கள் அந்தக் குறையையே வெளிப்படையாகச் சொல்லி, சாயம் கசியும் என்று உறுதியளிக்கப்பட்ட மதராஸ் துணி என விற்றபோது அமெரிக்க இளைஞர்கள் விரும்பி வாங்கினர். ஆடை வணிக உலகில் பலகாலம் சொல்லப்பட்டுவரும் செய்தி இது. துணி இரண்டு முறையும் ஒன்றே, சாயமும் ஒன்றே. மறைத்தபோது குறையாக இருந்தது, சொன்னபோது தன்மையாகிவிட்டது.

கொடை எதை மூடாது

நம் வாதத்துக்கு ஒரு மறுப்பு எழலாம். முன்னோரின் நற்செயல்களை நினைவுகூர்வது நன்றியல்லவா, அவர்களின் கணக்கேட்டைப் புரட்டுவது அழகா என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. கொடையைச் சிறுமைப்படுத்துவது நம் நோக்கமன்று. கொடைக்கும் கோலுக்கும் உள்ள உறவை மீட்பதே நோக்கம். அதற்கு இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் வாழ்வே சான்று. தம் ஆதாயத்தில் அறிஞர்களையும் மாணவர்களையும் அவர்கள் பேணினார்கள். வறிய மாணவராக வந்த அபூயூசுஃப் (ரஹ்) அவர்களின் கல்வி அந்தத் துணிக்கடையின் வருவாயில் வளர்ந்தது. ஒருமுறை, குறையுள்ள ஆடை ஒன்று சரக்கில் இருப்பதாகவும் அதை விற்கும்போது குறையைச் சொல்லிவிடுமாறும் தம் கூட்டாளியிடம் தெரிவித்திருந்தார்கள். கூட்டாளி மறந்து விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. அந்தச் சரக்கில் கிடைத்த தொகை முழுவதையும் இமாம் தர்மம் செய்துவிட்டார்கள்.

இந்நிகழ்ச்சியை ஈகைக்கு எடுத்துக்காட்டாகவே நம் சொற்பொழிவுகள் பயன்படுத்துகின்றன. ஆழ்ந்து நோக்கினால் அதன் மையம் வேறு. இமாம் தர்மம் செய்ததற்குக் காரணம், உரியவரைக் கண்டுபிடிக்க முடியாமற்போனதே. வாங்கியவர் கிடைத்திருந்தால் குறைக்கான ஈடு அவருக்கே சேர்ந்திருக்கும். உரிமை முன்னது, தர்மம் பின்னது. அளவில் நேர்ந்த பிழையைக் கொடையால் மூடிவிடலாம் என்பது இமாமின் வழியன்று. கொடுக்கும் முன் அளவைச் சரிபார்ப்பதே அவர்களின் வழி. அளவில் மோசம் செய்வோரை எச்சரிக்கும் அத்தியாயம் ஒன்று குர்ஆனில் அவர்கள் பெயராலேயே அமைந்திருக்கிறது. மத்யன் நகர மக்களுக்கு ஷுஐப் (அலை) விடுத்த அழைப்பிலும் ஏக இறைக் கொள்கைக்கு அடுத்து அளவையும் நிறுவையுமே இடம்பெறுகின்றன.

ஆகவே இனி எழுதப்படும் ஊர் வரலாறுகளிடமும் மலர்களிடமும் நாம் எதிர்பார்ப்பவை எளியவை. வள்ளலின் பெயரோடு அவருக்கு நெய்துகொடுத்த ஊரின் பெயரும் இருக்கட்டும். கப்பலின் கணக்கோடு கடனின் கணக்கும் இருக்கட்டும். கடைகளின் பழைய பேரேடுகள் பரண்களில் கரையான் அரிக்கும் முன் படியெடுக்கப்படட்டும். கடையில் நின்று தேய்ந்த முதியவர்களின் நினைவுகள் அவர்கள் வாய்மொழியாகவே பதிவு பெறட்டும். முராபஹாவையும் ஸலத்தையும் குறைக்கான உரிமையையும் விளக்கும் சிறுநூல்கள், புறநகர்ப் பெண் வணிகரும் படித்துணரும் தமிழில் வெளிவரட்டும். துணி அறுபடும் கணத்தில் என்ன நடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லும் வரலாறே, தன்னைப் படிக்கும் இளம் வணிகரின் கைக்கோலை நேராக்கும்.